கடலுக்கு 61 நாள் மீன்பிடித் தடை, கண்மாய்க்கு ஏன் இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். தபால் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கண்மாய்க் கரையை ஒட்டித்தான் வீடு. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்று சுருக்கினாலும் விரால் குஞ்சைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கீழமடைப் பக்கம் கோரைப்புல் ஓரமாக, முழங்கால் தண்ணீர்தான் இருக்கும், அந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு சுளகு அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கண்மாயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிடும். விரால் குஞ்சு. ஒவ்வொன்றும் அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, ஆயிரக்கணக்கில் ஒரே பந்தாகச் சுற்றும், மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும், மறுபடி வரும். விரால் தண்ணீருக்குள் இருந்தாலும் காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழும், குஞ்சும் வளர வளர அப்படித்தான். அந்தப் பந்துக்குக் கீழே ஒரு அடி ஆழத்தில் தாயும் தகப்பனும் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு தவளை பக்கத்தில் குதித்தால் போதும், தண்ணீர் பிளக்கும்.

அன்றைக்கு அப்படித்தான் பிளந்தது. பைக்கில் வந்த இரண்டு இளவட்டப் பையன்கள், கையில் ரீல் வைத்த தூண்டில், நுனியில் ரப்பர் தவளை. குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவிலேயே வீசி இழுத்தார்கள். பசிக்குக் கடிப்பது வேறு, குஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததை விரட்டக் கடிப்பது வேறு. அந்த நேரத்து விரால் யோசிக்காது. பத்து நிமிடத்தில் ஒன்று மாட்டியது, இரண்டு கிலோ இருக்கும். அரை மணி நேரத்துக்குள் அதன் ஜோடியும் வந்துவிட்டது. பையன்கள் மரியாதையானவர்கள்தான், என்னைப் பார்த்து “அய்யா, இங்க இன்னும் எங்க கிடக்கும்?” என்று கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். குஞ்சுகள் மட்டும் அதே இடத்தில் மேலே வருவதும் போவதுமாக இருந்தன.

மறுநாள் போய்ப் பார்த்தபோது சுளகு அகலம் ஒரு தட்டு அகலமாகியிருந்தது. கரையில் இரண்டு கொக்கு, கருவேலங்கிளையில் ஒரு மீன்கொத்தி, தண்ணீருக்குள் ஜிலேபிக் கெண்டைகள் சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றாம் நாள் அங்கே ஒன்றும் இல்லை.

அந்தப் பையன்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து வயதில் நானும் உயிருள்ள தவளையை முள்ளில் கோர்த்து, குஞ்சுக் கூட்டம் எங்கே கொதிக்கிறது என்று தேடித்தான் போயிருக்கிறேன். எங்களுக்கு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அவர்களுக்கும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நாலு மாதம் முன்னால் நான் வேறொரு தண்ணீரில் வேறொரு பழக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதனால்தான் அன்றைக்கு அப்படி உறுத்தியது.

மகள் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறாள். 2024 ஜூன் மாதம் போய் ஆகஸ்ட் வரை அங்கே இருந்தேன். மாப்பிள்ளைக்குத் தூண்டில் பைத்தியம். வாரக் கடைசியானால் காரின் தலையில் ஒரு கயாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், நான் போனபிறகு எனக்காக இன்னொன்றையும் நண்பரிடம் வாங்கி வந்தார். கயாக் என்றால் பன்னிரண்டு அடி நீளத்தில் பிளாஸ்டிக்கில் செய்த ஒடுக்கமான படகு, ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காரலாம், இரண்டு பக்கமும் அகலமான ஒரே துடுப்பு. சத்தமே இல்லாமல் போகும். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் தரை தட்டாது. நம் பரிசலையும் லாரி டியூபையும் பார்த்த எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. அதிசயமாகப் பட்டது அந்த ஓடை.

செசபீக் விரிகுடாவில் போய்ச் சேருகிற ஒரு சின்ன ஓடை அது. இரண்டு கரையிலும் ஆள் உயரப் புல், சேறு, நண்டு. காலை ஆறு மணிக்கு நாங்கள் இறங்கும்போது தண்ணீர் உள்நாட்டுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது, அதாவது கடலிலிருந்து ஊருக்குள். கொஞ்ச நேரத்தில் நின்றது. அப்புறம் அதே ஓடை திரும்பி கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. ராமநாதபுரம் கடற்கரையில் ஏற்றம், வற்றம் என்பார்களே, அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, அந்தப் பக்கம் ஒன்று இரண்டு அடிதான் வித்தியாசம், ஆனால் மீனுக்கு அது போதும். தண்ணீர் வற்றும்போது புல்லுக்குள் ஒளிந்திருந்த பொடிமீனும் இறாலும் வேறு வழியில்லாமல் ஓடைக்கு வரும், ஓடை வாயில் பெரிய மீன் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத் தலையை வைத்து நிற்கும். மடையைத் திறந்தால் வெளிமடைக் குழியில் கெளுத்தியும் கெண்டையும் எப்படி முகத்தை மடைப் பக்கம் வைத்து நிற்குமோ, அச்சு அசல் அதேதான். மாப்பிள்ளையிடம் சொன்னேன், “மாப்பிள்ளை, இது நம்ம ஊர் மடைக்குழி மாதிரியே இருக்குங்க” என்று. சிரித்தார்.

அங்கே எல்லோரும் தேடிப் போகும் மீன் ஸ்ட்ரைப்டு பாஸ். உடம்பில் தலைமுதல் வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடு, மற்றபடி வெள்ளி. மேரிலாந்துக்காரர்கள் அதை ராக்ஃபிஷ் என்கிறார்கள், அந்த மாநிலத்தின் மாநில மீனும் அதுதான். கடலில் வாழ்ந்தாலும் சித்திரை வாக்கில் ஆற்று நன்னீருக்கு ஏறி வந்துதான் முட்டையிடும். அதற்குச் சொந்தக்கார மீன் ஒயிட் பெர்ச், உள்ளங்கை முதல் ஒரு சாண் வரை இருக்கும், புழுத்துண்டு போட்டால் தயங்காமல் கடிக்கும். பெர்ச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து மகள் மிளகாய்த்தூள், மல்லித்தூள், சின்ன வெங்காயம், புளி என்று நம் முறையில் குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது, முள் குறைவு.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு ஒரு ராக்ஃபிஷ் மாட்டியது. தூண்டில் வளைந்து, கயாக்கையே பத்தடி இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் கொண்டுவந்தபிறகு அவர் செய்ததை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்தார், காய்ந்த கையால் தொட்டால் மீன்மேல் இருக்கும் வழவழப்பு போய்விடுமாம், அது போனால் புண் வருமாம். காலுக்கு நடுவில் வைத்திருந்த அளவுப் பலகையில் கிடத்தினார். பதினெட்டரை இஞ்ச். “மாமா, அரை இஞ்ச் குறையுது, விட்டுருவோம்” என்றார். அந்த வருடம் விரிகுடாவில் சட்டம் 19 இஞ்ச் முதல் 24 இஞ்ச் வரை, அதிலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. நம் கணக்கில் 48 முதல் 61 சென்டிமீட்டர். முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்து, தலையைத் தண்ணீர் வரும் திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. அப்புறம் வாலை ஒரு உதறு உதறி, அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது. ஓடையில் எங்களைத் தவிர ஆளே இல்லை. மரக்கம்பத்தின் மேல் கூடு கட்டியிருந்த ஒரு விராலடிப்பான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது நாம்தான், குளிர்காலத்தில் நம் நீர்நிலைகளுக்கும் வந்து போகும் பறவை அது.

சின்னதை விடச் சொல்வது புரிகிறது, 24 இஞ்சுக்கு மேலே பெரியதை ஏன் விடவேண்டும் என்று கேட்டேன். பெரியதெல்லாம் பெரும்பாலும் தாய் மீன், ஒன்று பல லட்சம் முட்டையிடும், அதைக் கொன்றால் அத்தனையும் போச்சு என்றார். இரை கோர்த்துப் பிடிப்பதென்றால் முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள்தான் போடவேண்டும், அது வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்தில் மட்டும் மாட்டும். அந்த வருடம் ஜூலை 16 முதல் 31 வரை ராக்ஃபிஷ்ஷுக்குத் தூண்டில் போடவே கூடாது என்று இருந்தது. கோடைச் சூட்டில் தண்ணீரில் காற்று குறைவாக இருக்கும், பிடித்துத் திருப்பி விட்டாலும் செத்துப்போகும் என்பதால். அந்த இரண்டு வாரமும் நாங்கள் பெர்ச் மட்டும்தான் பிடித்தோம்.

இந்த ஒழுங்கு அவர்களுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. 1970களில் அள்ளோ அள்ளு என்று அள்ளியிருக்கிறார்கள். குஞ்சு வரத்து நின்றுபோகும் அளவுக்கு வந்ததும் 1985-ல் மேரிலாந்து அரசு அந்த மீனைப் பிடிப்பதையே முழுசாகத் தடை செய்தது. ஐந்து வருடம். 1990-ல் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள், 1995-ல்தான் மீன் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். இப்போது 2019-லிருந்து மறுபடியும் குஞ்சு வரத்து குறைந்துவிட்டது, அதனால்தான் 19க்கும் 24க்கும் நடுவில் ஒன்றே ஒன்று என்ற கெடுபிடி.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

கடலுக்கு நம்மிடமும் தடைக்காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. உங்கள் பத்திரிகையில் வருடா வருடம் செய்தி போடுகிறீர்கள். மீன் முட்டையிடும் காலம் என்று காரணமும் எழுதுகிறீர்கள். கண்மாய் மீன் மட்டும் முட்டையிடாதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் விரால் ஜோடி சேர்ந்து, ஓரத்துப் புல்லுக்குள் ஒரு வட்டம் சுத்தம் செய்து, மிதக்கிற முட்டையிட்டு, அதைச் சுற்றிக் காவல் நிற்கிற அதே இரண்டு மாதம்தான் எங்கள் பக்கம் விரால் பிடிக்க நல்ல காலம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. நல்ல காலம் எதனால் என்றால், அது குஞ்சை விட்டு ஓடாது என்பதால்.

இதில் ஒன்றை யோசித்துப் பார்க்கவேண்டும். ராக்ஃபிஷ் பல லட்சம் முட்டையை ஆற்றில் விட்டுவிட்டுப் போய்விடும், காவல் கிடையாது, அதனால் அங்கே பெரிய தாய் மீனைக் காப்பாற்ற அளவு வைத்து சட்டம் போட்டார்கள். விரால் இடுவது சில ஆயிரம்தான். அதற்குப் பதிலாக ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இரண்டும் கூடவே நின்று வளர்க்கும், சிவப்பாக இருக்கிற குஞ்சு கறுத்து, விரல் நீளம் ஆகிப் பிரிந்து போகும்வரை. அந்த ஒரு மாதத்தில் தாயையும் தகப்பனையும் எடுத்தால், இரண்டு மீன் பிடித்ததாகக் கணக்கில்லை, அந்த சுளகு அகலம் முழுசும் பிடித்ததாகக் கணக்கு. அதனால் மேரிலாந்துச் சட்டத்தைக் கொண்டுவந்து இங்கே ஒட்ட நான் சொல்லவில்லை. நம் மீனுக்கு ஏற்ற சட்டம் வேண்டும், அதில் முதலாவது காவல் காலத்துக்குத் தடை.

குத்தகைக்காரர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எங்கள் கண்மாய் மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கிற உரிமைக்கான ஏலம், எடுத்த ஒருவர், “விரால் நான் காசு குடுத்து விட்ட கட்லாக் குஞ்சைத் தின்னுது, அதைக் காப்பாத்தச் சொல்றீங்களே” என்று நேரடியாகவே கேட்டார். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. ஏலத் தொகையைக் கட்டிவிட்டு, மழை பொய்த்தால் கண்மாயோடு முதலும் வற்றிப்போகிற தொழில் அது. ஆனால் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய கண்மாயில் தானாகக் குஞ்சு பொரிக்காது, ஓடுகிற ஆறு வேண்டும், வருடா வருடம் வாங்கித்தான் விடவேண்டும். விரால் யாரும் வாங்கி விடாமலேயே வருகிற மீன், சந்தையில் கட்லாவை விடக் கூடுதல் விலைக்குப் போகிற மீன். 1952-ல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குள் வந்த ஜிலேபி இன்றைக்குப் பாதிக் கண்மாயைப் பிடித்து வைத்திருக்கிறது, அதன் குஞ்சைத் தின்று குறைப்பதும் விரால்தான். அயிரையை விட்டு விராலை இழு என்று பழமொழி சொன்ன ஊரில், இப்போது அயிரையும் அருகிவிட்டது, விராலும் அருகிவிட்டது. சண்டே மார்க்கெட்டில் மண்பானையில் உயிரோடு போட்டு விற்ற அயிரையை இன்றைக்கு கிராம் கணக்கில் கேட்கவேண்டியிருக்கிறது. தெலங்கானாவில் விராலை மாநில மீன் என்றே அறிவித்து வைத்திருக்கிறார்கள்.

சட்டம் போட்டாலும் யார் கேட்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கிற கண்மாய்களைப் பாருங்கள். மழைக்குத் தண்ணீர் வந்ததும் ஊர்ப்பொதுவில் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். அதன்பிறகு தண்ணீர் வற்றும்வரை, மாசி பங்குனியோ வைகாசியோ, மாதக்கணக்கில் ஒருவரும் கை வைப்பதில்லை. ராத்திரியில் கூட. அப்புறம் நாள் குறித்து, சுற்று வட்டார ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, விடிய விடியக் கரை நிறைய ஜனம் ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒன்றுமில்லாதவர்கள் சேலையோடு நிற்கும். பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால் தண்ணீரில் படாது. வீசியதும் ஜாதி பார்க்காமல் ஒரே இறங்கு. பிடித்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பது வழக்கம். ஒரு துண்டுக்கு அத்தனை ஆயிரம் பேர் கட்டுப்படுகிற ஊர்களில், ‘குஞ்சு கொதிக்கிற இடத்தில் தூண்டில் போடாதே’ என்பதற்குக் கட்டுப்பட மாட்டார்களா? கட்டுப்படுவார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் கேட்பது பெரிதில்லை. கண்மாய் மீன்பாசி ஏலம் விடும்போது எழுதிக்கொடுக்கிற நிபந்தனையில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் விரால் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும், அது குத்தகைக்காரருக்கும் வேடிக்கையாகத் தூண்டில் போட வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மற்ற மாதங்களில் ஒரு அடிக்குக் குறைந்த விராலைத் திருப்பி விடவேண்டும், ஒரு அடியாவது வளர்ந்தால்தான் அது ஒரு முறையாவது குஞ்சு பொரித்திருக்கும். இதை மடைக்குப் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வைத்து எழுதிவிட்டால், ஒரு அடியை அந்த போர்டிலேயே கோடு போட்டுக் காட்டிவிட்டால், பையன்கள் அதில் மீனை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். வெடி வைப்பதும் மருந்து கலப்பதும் 1897-ஆம் வருடத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம், அதையும் அதே போர்டில் எழுதலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதும் தடை செய்யப்பட்டதுதான், அது கண்மாய்க்குள் போய்விட்டால் விராலுக்கும் அயிரைக்கும் இடமே இருக்காது.

இன்னொன்று, மீனைப் பற்றியது இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்த ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர்தான், இருந்தும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி பெல்ட்டை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை என்னைக் கயாக்கில் உட்கார விட்டார். இங்கே குத்தகைக்கு வலை போடுகிறவர்கள் லாரி டியூபிலும் தெர்மாகோலிலும் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து நடுக்கண்மாய் போகிறார்கள். மண் எடுத்த குழி எது, எத்தனை ஆள் ஆழம் என்று தண்ணீர் நிறைந்தபிறகு யாருக்கும் தெரியாது. ஏலம் எடுக்கிறவர் தன் ஆட்களுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கித் தரவேண்டும் என்பதும் அந்த நிபந்தனையில் இருக்கட்டும்.

இந்த ஐப்பசிக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. பெரியாறு தண்ணீர் எங்கள் கண்மாய்க்கு வர ஆரம்பித்துவிட்டது, கோரைப்புல் வேர் நனைந்துவிட்டது. அடுத்த வாரம் ஊர்க்கூட்டம், அதில் நான் இதைப் பேசப்போகிறேன். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் பத்திரிகையில் வந்தால் வெட்டிக் கையில் கொண்டுபோவேன், மீன்வளத்துறைக்கு எழுதும் மனுவோடும் சேர்த்து அனுப்புவேன். வராவிட்டாலும் கீழமடையில் காலை ஆறு மணிக்கு நான் நிற்பேன், தூண்டிலோடு வருகிற பையன்களிடம் குஞ்சைக் காட்டிச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.